வீணை நம்ம ஹால்லயா, கோயில் மண்டபத்துலயா, ஆடிட்டோரியத்துலயா? தென்னாப்பிரிக்காவுல கச்சேரி வைக்கறவங்களுக்கு

போன மூணு மாசத்துல மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்விய கேட்டுட்டாங்க. ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கத்துல மிட்ராண்ட்ல இருக்கற தம்பி ஒருத்தர், "சென்னையிலேருந்து சித்தி பொண்ணு வர்றாக்கா, நல்லா வீணை வாசிப்பா, எங்க வீட்டு ஹால்லயே வெச்சிடலாமா?"ன்னு கேட்டார். டர்பன் பக்கத்து பீனிக்ஸ்ல ஒரு அண்ணன், கோயில் கமிட்டியில இருக்கறவர், வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு எங்க மண்டபமே போதுமா இல்ல டவுன்ல பெரிய ஹால் எடுக்கணுமாம்மான்னு கேட்டார். உம்லாங்கா பக்கம் ஒரு பொண்ணு, நவராத்திரிக்கு வீட்ல பாட்டு வைக்கணும், ஆனா பழைய இந்தியக் குடும்பங்க இருக்கற சாட்ஸ்வொர்த்ல மாமியார் பக்கத்து ஆளுங்க, கேட்டும் காவலும் வெச்ச நம்ம எஸ்டேட் வரைக்கும் வருவாங்களான்னு ஒரே கவலை.

நான் பாடறவ இல்ல, கேக்கறவ. டர்பனுக்கு வந்து 14 வருஷம் ஆச்சு, அதுல பாதி சனிக்கிழமை யாரோ ஒருத்தர் கச்சேரிக்கு கம்பளம் விரிக்கறது, காபி போடறது, ஏர்போர்ட் போய் தம்புராவ பத்திரமா தூக்கிட்டு வர்றதுன்னே போயிருக்கு. அதனால மூணு பேருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பறதுக்கு பதிலா ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமா போகும்.

## எதை வெச்சு அளக்கறது

எல்லாரும் முதல்ல கேக்கறது "எவ்ளோ செலவாகும்". அதை நாலாவதா வைங்க. என் கணக்குல வரிசை இது:

முதல்ல காது. அன்னிக்கு வாசிக்கப் போறதுலயே ரொம்ப மெல்லிசான சத்தம் எதுவோ, அது கடைசி வரிசையில இருக்கறவருக்குக் கேக்கணும். பாடற வேகம், தனி ஆவர்த்தனம் எல்லாம் எந்த ஹால்லயும் கேக்கும், வீணையில ஒரு மீட்டு மீட்டி அதே தந்தியை இழுத்து மூணு ஸ்வரம் கொண்டு வர்றாங்க பாருங்க, அந்த மூணாவது ஸ்வரம் உங்க இடத்துல கேக்குமா?

ரெண்டாவது கதவு. யார் தயங்காம உள்ள வர முடியும். இந்த ஊர்ல இது சின்ன விஷயம் கிடையாது, கீழ சொல்றேன்.

மூணாவது கலைஞர். அவங்களுக்கு சன்மானம், ஓய்வு, மரியாதை ஒழுங்கா கிடைக்குமா. பக்கவாத்தியக்காரங்களையும் சேத்துதான் சொல்றேன்.

அப்பறம்தான் காசு, அதோட ஒளிஞ்சிருக்கற காசு, அதோட வீட்டுக்காரங்க உடம்பு.

## வீட்டு ஹால்

காதுன்னு பாத்தா வீட்டுக்கு ஈடு எதுவும் இல்ல, இதுல எனக்கு சந்தேகமே கிடையாது. சங்கீதமே பெரிய மேடைக்குன்னு வளரல. மெட்ராஸ்ல சபாக்கள் பெருகினது 1900-க்கு அப்பறம்தான், மியூசிக் அகாடமியே 1928-லதான் வந்துது, மைக் அதுக்கும் அப்பறம். அதுக்கு முன்னாடி அரண்மனை, கோயில், கல்யாண வீடு, பெரிய மனுஷங்க வீட்டுக் கூடம், அவ்வளவுதான். வீணை தனம்மாள் 1938-ல காலமானாங்க, ஜார்ஜ் டவுன்ல அவங்க வீட்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிக்கறதைக் கேக்க பெரிய பெரிய வித்வான்களே வந்து ஓரமா உக்காருவாங்க. மிருதங்கம் கிடையாது, விரல் நுனியால மீட்டுற அவ்வளவு சன்னமான நாதம், யாரும் தொண்டையைக் கூட கனைக்க மாட்டாங்களாம். அந்த வாசிப்பை ஆயிரம் பேர் ஹால்ல வெச்சிருந்தா அது வேற ஏதோவா ஆயிருக்கும்.

எத்தனை பேர் உக்காரலாம்னு முதல்ல அளந்துக்குங்க. 6 மீட்டருக்கு 5 மீட்டர் ஹால்னா 30 சதுர மீட்டர், அதுல பாடறவங்க உக்கார 3-க்கு 2 போயிடும், கதவு, டாய்லெட் போற வழின்னு ஒரு 4 விட்டா மிச்சம் 20. தரையில உக்காந்தா 30 பேர், எல்லாருக்கும் நாற்காலின்னா 25 பேர் தாண்டாது. பாதிப் பேர் முட்டிவலிக்காரங்களா இருப்பாங்க, அதனால சுவர் ஓரமா ஒரு வரிசை நாற்காலி, நடுவுல தரைன்னு வைங்க. 30 பேருக்கு மேல கூப்பிட்டா சமையல்கட்டுல நின்னு கேக்கறவங்க அங்க பேச ஆரம்பிச்சுடுவாங்க, அப்பறம் வீட்ல வைக்கறதுக்கான காரணமே போச்சு.

இங்க வீடெல்லாம் டைல்ஸ் தரை. வெறும் டைல்ஸ்ல மிருதங்கம் வாசிச்சா சத்தம் சுவர்ல அடிச்சு அடிச்சு திரும்பி வந்து பாட்டை முழுங்கிடும். கம்பளம் விரிக்கணும், கனமான திரைச்சீலை இழுத்து விடணும், புஸ்தக அலமாரி இருக்கற சுவருக்கு எதிர்ல பாடறவங்களை உக்கார வைங்க. ஆளுங்க நெறஞ்சதும் இன்னும் கொஞ்சம் அடங்கும்.

அடுத்தது ஃப்ரிட்ஜ். கேக்க சின்ன விஷயமா இருக்கும், நான் இதை ரொம்ப லேட்டாதான் கத்துக்கிட்டேன். 2023-ல லோட் ஷெட்டிங், அதான் முறை வெச்சு கரண்ட் நிறுத்தறது, ஸ்டேஜ் 6-ல ஓடிட்டு இருந்தப்ப எங்க ரிசர்வாயர் ஹில்ஸ் வீட்ல ஒரு வாய்ப்பாட்டு வெச்சோம், பாடினவங்க அஞ்சு கட்டை ஸ்ருதி (ஸ்ருதியோட உயரத்தை கட்டைன்னுதான் சொல்வாங்க), சஹானா ராக ஆலாபனை நடுவுல டக்னு கரண்ட் போச்சு. அலாரம் பெட்டி மட்டும் பீப் பீப்னுது, வீட்டுக்காரர் ஓடிப் போய் அதை அமுக்கினார். அப்ப ஒரு அமைதி வந்துது பாருங்க. சமையல்கட்டு ஃப்ரிட்ஜ், பக்கத்து வீட்டு நீச்சல் குளத்து மோட்டார், எல்லாம் ஒரே நேரத்துல நின்னு போச்சு, போன்ல ஓடிட்டு இருந்த தம்புரா ஆப் மட்டும் பேட்டரியில ஓடுது. பாடினவங்க ஒரு மூச்சு நிறுத்தினாங்க, அப்பறம் முன்னைவிட பாதி குரல்ல அதே நிஷாதத்தை, 'நி' ஸ்வரத்தை, மறுபடி எடுத்தாங்க, வயலின்காரரும் வில்லை லேசாக்கிட்டார், மெழுகுவத்தி கூட ஏத்தல, இருட்டுல ஒரு 20 நிமிஷம். அதுவரைக்கும் அவங்க அந்த உறுமலோட மல்லுக்கட்டிதான் பாடிட்டு இருந்திருக்காங்கன்னு அப்பதான் புரிஞ்சுது.

அப்பறம் யோசிச்சுப் பாத்தா கணக்கும் சரியா வருது. நம்ம வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய ஃப்ரிட்ஜ் மோட்டாரோட உறுமல் பெரும்பாலும் அதோட இரட்டிப்புல, 100 ஹெர்ட்ஸ்ல இருக்கும். அஞ்சு கட்டை ஸட்ஜம், அதாவது 'ஸ'ங்கற ஆதார ஸ்வரம், கீழ் ஸ்தாயியில 98. அதாவது பாடறவங்க ஸட்ஜத்துக்கு ஒரு துளி மேல இன்னொரு ஸ்ருதி சாயங்காலம் முழுக்க ஓடிட்டே இருக்கு. பெண் குரல்ல நெறய பேருக்கு அஞ்சு, அஞ்சரைதான் கட்டை. அதனால கச்சேரிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஃப்ரிட்ஜை அணைச்சுடுங்க, கார் சாவியை ஃப்ரிட்ஜ் உள்ள வைங்க, அப்பதான் முடிஞ்சதும் மறக்காம போட்டு விடுவீங்க. 2 மணி நேரத்துல உள்ள இருக்கற சாமான் ஒண்ணும் கெட்டுப் போகாது, கதவைத் திறக்காம இருந்தா போதும்.

நேரமும் பாத்துக்குங்க. டர்பன்ல பொழுது சாயற நேரம் ஹடிடா பறவைங்க கூரை மேல உக்காந்து கத்தற கத்தலுக்கு எந்த வித்வானும் பதில் சொல்ல முடியாது. அது அடங்கின பிறகு ஆரம்பிங்க, இல்லன்னா 3 மணிக்கு ஆரம்பிச்சு 5-க்குள்ள முடிங்க.

எந்த வாத்தியம் வீட்டுக்கு? வீணை, வயலின், புல்லாங்குழல், தனி வாய்ப்பாட்டு, இதெல்லாம் மைக் இல்லாம வீட்ல கேட்டாத்தான் முழுசா கேட்ட மாதிரி. வீணைக்கு மிருதங்கம் வைக்கறதா இருந்தா கையை அடக்கி வாசிக்கறவரா பாருங்க, இல்லன்னா வேண்டாம். நாகஸ்வரமும் தவிலும் வீட்டுக்குள்ள வேண்டவே வேண்டாம், அது தெருவுக்கும் கோயில் பிராகாரத்துக்கும் பொறந்த வாத்தியம்.

இப்ப ஒளிஞ்சிருக்கற செலவு. ஹால் வாடகை இல்லைங்கறதால ஓசின்னு நெனைச்சுடாதீங்க. எஸ்டேட், காம்ப்ளெக்ஸ்னா வர்ற ஒவ்வொரு காருக்கும் கேட்ல அமுக்கி உள்ள வர்ற நம்பர், கேட் கோடு, அனுப்பணும், 15 கார்னா 15 கோடு, அதுல நாலு பேர் கோடு வேலை செய்யலன்னு கேட்லேருந்து போன் பண்ணுவாங்க, அப்ப நீங்க உள்ள பாட்டு கேட்டுட்டு இருக்க முடியாது. இதுக்குன்னே வீட்ல ஒருத்தர் வெளிய நிக்கணும், அவர் கச்சேரி கேக்கப் போறதில்லன்னு முன்னாடியே மனசைத் தேத்திக்குங்க. பாடி கார்ப்பரேட், அதான் காம்ப்ளெக்ஸ் வீட்டுக்காரங்க சங்கம், அவங்க விதியில ஒரு வீட்டுக்கு எத்தனை விருந்தாளி, எத்தனை மணி வரைக்கும்னு எழுதி வெச்சிருப்பாங்க, படிச்சுக்குங்க. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ரெண்டு நாள் முன்னாடி நேர்ல போய் சொல்லுங்க, நான் ஒரு டப்பா முறுக்கோட போவேன், அதுக்கப்பறம் யாரும் கம்ப்ளெயிண்ட் பண்ணினதில்ல, ஒரு வீட்டுக்காரம்மா நாங்களும் வரலாமான்னு கேட்டு வந்தே உக்காந்தாங்க. 30 பேருக்கு டாய்லெட் ஒண்ணா ரெண்டான்னும் பாருங்க. உங்க விலாசத்தை பெரிய வாட்ஸப் குரூப்ல போடாதீங்க, தனித்தனியா அனுப்புங்க, இந்த ஊர்ல அது ஏன்னு உங்களுக்கே தெரியும்.

அப்பறம் உடம்பு. கலைஞர் உங்க வீட்லயே தங்கறாங்கன்னா நாலு நாள் நீங்க விடியக்காலைல எந்திரிச்சு வெந்நீர் வைக்கணும், கச்சேரி அன்னிக்கு 2 மணிக்கு சாப்பாடு, அப்பறம் அவங்களை யாரும் பேச்சுக்கு இழுக்காம ஒரு ரூம். தயிர் சாதம் கேப்பாங்க, கடையில தயிருக்கு பதிலா அமாசியை, இந்த ஊர்ப் புளிச்ச பாலை, வாங்கிட்டு வந்துடாதீங்க, பாடற தொண்டைக்கு அந்தப் புளிப்பு ஆகாது, முந்தின நாள் நீங்களே தோய்ச்சு வைங்க.

சன்மானம் விஷயத்துல நான் கறாரா சொல்றேன். வீட்டுக் கச்சேரின்னா உறவு மாதிரின்னு பேசி பேசி கடைசியில காசு கையில வராம போறதைப் பாத்திருக்கேன். ஒரு தடவை, எங்கன்னு வேண்டாம், பாடினவங்களுக்கு கவர் குடுத்துட்டு மிருதங்கம் வாசிச்ச பையனுக்கு பொன்னாடை மட்டும் போத்தி அனுப்பிட்டாங்க. அந்தப் பையன் ஜோபர்க்லேருந்து 570 கிலோமீட்டர் கிட்ட தானே வண்டி ஓட்டிட்டு வந்தவன். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. எவ்வளவுன்னு முன்னாடியே ஒவ்வொருத்தர் கிட்டயும் தனியா பேசிடுங்க, வர்றவங்க கிட்டயும் ஆளுக்கு இவ்வளவுன்னு முன்னாடியே வாங்கிடுங்க, வாசல்ல தட்டு வெச்சு நீட்டறது கேக்கறவங்களுக்கும் சங்கடம், வாசிக்கறவங்களுக்கும் சங்கடம்.

## கோயில் மண்டபம், தமிழ்ச் சங்க ஹால்

இங்கதான் கதவு வருது.

1860 நவம்பர் 16-ம் தேதி மெட்ராஸ்லேருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்துது, 1911 வரைக்கும் டர்பன் இருக்கற நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவங்க 1,52,000-க்கு மேல, அதுல பெரும்பகுதி மெட்ராஸ்ல கப்பல் ஏறினவங்க. கரும்புத் தோட்டத்துல அவங்க தகரம் வெச்சுக் கட்டின மாரியம்மன் கோயில்கள்தான் இன்னிக்கு நாம பாக்கற கோயில்கள்ல பலதும். அப்பறம் 1950-ல குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து ஊரை நிறத்தால பிரிச்சாங்க, டர்பன்ல மேகசீன் பாரக்ஸ் குடியிருப்புல மாநகராட்சி வேலை பாத்துட்டு பாட்டும் கூத்துமா இருந்த தமிழ்க் குடும்பங்களை எல்லாம் 60-கள்ல சாட்ஸ்வொர்த்துக்கு மாத்தினாங்க. தெருக்கூத்தை இன்னிக்கும் சிக்ஸ் ஃபுட் டான்ஸ்னு சொல்லி ராத்திரி முழுக்க ஆடறவங்க அவங்க. நாலு தலைமுறைக்கு மேல ஆனதால மொழி கையை விட்டுப் போச்சு, பாட்டு போகல.

இப்ப என்ன மாதிரி நேத்து வந்தவங்க எஸ்டேட்ல, கேட் கோடு போட்டு, வாட்ஸப்ல தெரிஞ்ச 30 பேரைக் கூப்பிட்டு கச்சேரி வெச்சா அந்தக் குடும்பங்கள்ல யார் வருவாங்க? கூப்பிட்டாலும் தயங்குவாங்க, அங்க எல்லாரும் தமிழ்லயே பேசுவாங்களே நமக்கு வராதேன்னு நெனைப்பாங்க. கோயில்னா யாரையும் யாரும் கூப்பிட வேண்டாம், அது அவங்க பாட்டன் கட்டினது, செருப்பை விட்டுட்டு உள்ள வந்து உக்காந்துடுவாங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கோயில் மண்டபத்துல வாய்ப்பாட்டு. முதல் ஒரு மணி நேரம் கூட்டம் மரியாதையா உக்காந்து இருந்துது, அவ்வளவுதான். கடைசியில பாடினவங்க ஒரு முருகன் பாட்டு எடுத்தாங்க. முன் வரிசையில 80 வயசு தாண்டின ஒரு ஆயா, கைப்பையிலேருந்து ஒரு பழைய நோட்டு எடுத்தாங்க, நான் பக்கத்துல உக்காந்து எட்டிப் பாக்கறேன், தமிழ்ப் பாட்டு எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல, பென்சில்ல, ஓரத்துல எண்ணெய்க் கறை. அவங்களுக்கு பக்கம் தேட வேண்டிய அவசியமே இல்ல, நோட்டை சும்மா மடியில பிரிச்சு வெச்சுட்டு கண்ணை மூடிக்கிட்டு கூடவே பாடறாங்க, தொடையில தாளம் ஒரு அட்சரம் தப்பல. முடிஞ்சதும் பாடகியோட கையைப் பிடிச்சுக்கிட்டு இங்கிலீஷ்லதான் பேசினாங்க, எங்க தாத்தா வட ஆற்காடு, நீங்க எந்த ஊர்னு கேட்டாங்க. அந்தப் பாடகி வேலூர்ப் பொண்ணு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் கையை விடவே இல்ல.

இது எங்க வீட்டு ஹால்ல நடந்திருக்காது, அதனாலதான் சொல்றேன். காதுன்னு பாத்தா மண்டபம் தோத்துடும், ஆனா காது மட்டும் கணக்கு இல்ல.

காது எப்படி தோக்குதுன்னும் தெரிஞ்சுக்குங்க, ஏன்னா கொஞ்சம் சரி பண்ணலாம். மண்டபம் உயரமா, சிமெண்டுத் தரையா, தகரக் கூரையா இருக்கும். கோடையில டர்பன்ல மழை கொட்டினா தகரத்துல விழற சத்தத்துக்கு கச்சேரியை நிறுத்திட வேண்டியதுதான். மைக் இல்லாம முடியாது, மைக் செட் பெரும்பாலும் பஜனைக்குன்னு வெச்சது, மிக்சர்ல எக்கோவை நல்லா ஏத்தி விட்டிருப்பாங்க. பஜனைக்கு அது நல்லா இருக்கும், ஆலாபனைக்கு ஒரு ஸ்வரம் முடியறதுக்குள்ள அடுத்தது அது மேல ஏறிக்கும். எக்கோவை சைபர்ல வைக்கச் சொல்லுங்க, மிருதங்கத்துக்கு வால்யூமைக் குறைங்க, பாடறவங்களுக்கு தாங்களே கேக்கற மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கர் அவங்க பக்கம் திருப்பி வைங்க. சவுண்ட் பாக்கற தம்பி கிட்ட இதை எல்லாம் எல்லார் முன்னாடியும் சொல்லாதீங்க, தனியா, ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து, காபி குடுத்து சொல்லுங்க.

தேதி கிடைக்கறதுதான் பெரிய சிக்கல். தைப்பூசக் காவடி, பங்குனி, சித்திரைக் காவடி, ஆடியில கஞ்சி ஊத்தறது, புரட்டாசி சனிக்கிழமை, மிச்ச வாரக்கடைசி எல்லாம் கல்யாணம். ஆறு மாசம் முன்னாடி கேளுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் 3 மணின்னா சுலபமா கிடைக்கும், வயசானவங்களும் இருட்டறதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடுவாங்க.

செலவுன்னு பாத்தா வாடகை கொஞ்சம்தான், சில கோயில்ல உண்டியல்ல போடுங்கன்னு விட்டுடுவாங்க. ஆனா வந்தவங்களுக்கு சாப்பாடு போடாம அனுப்பறது இங்க வழக்கமே இல்ல. 150 பேருக்கு வெஜ் பிரியாணி, தால், சம்பல்னு கணக்குப் போடுங்க, கச்சேரிச் செலவைவிட அது ஜாஸ்தியா நிக்கும். கோயில் பெண்களே சமைச்சுக் குடுப்பாங்க, ஆனா அவங்க எல்லாரும் பாட்டு நடக்கறப்ப பின்னாடி அடுப்படியில இருப்பாங்க, எனக்கு அது மனசுக்கு ஒப்பாது. முந்தின நாளே முடியற மாதிரி, ஆற வெச்சுக் குடுக்கற மாதிரி ஏதாவது வைங்க, அவங்களும் வந்து உக்காரட்டும். இன்னொண்ணு, கமிட்டித் தலைவர் பேச்சு, விருந்தினர் பேச்சு, பொன்னாடைன்னு 40 நிமிஷம் போயிடும், அதை முதல்லயே வெச்சு முடிச்சுடச் சொல்லுங்க, ராகம் நடுவுல வேண்டாம்னு பணிவா கேட்டா கேப்பாங்க.

## வாடகை ஆடிட்டோரியம்

சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா கேட்ட மூணு பேர்ல யாருக்கும் இது தேவை இல்ல.

பேர் பெத்த வித்வான் வர்றார், 300 பேர் டிக்கெட் வாங்குவாங்கன்னு நிச்சயமா தெரியுது, கூட ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சியும் இருக்குன்னா ஆடிட்டோரியம் சரி. டர்பன் டவுன்ல சிட்டி ஹால் எதிர்ல இருக்கற பிளேஹவுஸ் மாதிரி இடம், இல்ல பள்ளிக்கூடம், யுனிவர்சிட்டி ஹால். மேடை, லைட், ஏசி, நல்ல நாற்காலி எல்லாம் கிடைக்கும். ஏசி காத்து நேரா பாடறவங்க மேல அடிக்காம பாத்துக்கணும், அந்த ஏசி சத்தமே ஒரு ஃப்ரிட்ஜ்தான்.

வாடகை மட்டும் இல்ல. முன்பணம், நேரம் தாண்டினா அதுக்குத் தனி, சவுண்ட் என்ஜினியர், செக்யூரிட்டி, கிளீனிங், வெளிய காரைக் காவல் பாக்கற ஆள். ஜெனரேட்டர் இருக்கான்னு எழுத்துல வாங்குங்க, இப்ப லோட் ஷெட்டிங் பேச்சு அடங்கியிருக்கலாம், கேபிள் திருட்டுல கரண்ட் போறது அடங்கல. பொது இடத்துல இசைன்னா சாம்ரோ (பாட்டு உரிமைக்கு காசு வாங்கற அமைப்பு) லைசென்ஸ் ஹால்காரங்க கிட்ட இருக்கான்னும் கேளுங்க, தியாகராஜர் 1847-லயே போயிட்டார், அவர் கீர்த்தனைக்கு யாரும் காசு கேக்க முடியாது, ஆனா இந்தக் காலத்து உருப்படி பாடினா விஷயம் வேற. டவுன்ல ராத்திரி நிகழ்ச்சின்னா வயசானவங்க பாதிப் பேர் வரமாட்டாங்க, அதையும் டிக்கெட் கணக்குல கழிச்சுக்குங்க. 400 சீட்டு ஹால்ல 60 பேர் உக்காந்து இருக்கறதை மேடையிலேருந்து பாக்கற கலைஞரோட முகம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது, அந்த 60 பேரையும் ரெண்டு வீட்ல உக்கார வெச்சிருந்தா அதே பாட்டு என்னமா இருந்திருக்கும்.

காம்ப்ளெக்ஸ் கிளப் ஹவுஸ்னு நடுவுல ஒண்ணு இருக்கு. வீட்டோட அமைதியும் கிடைக்காது, கோயிலோட கூட்டமும் வராது, பக்கத்துல நீச்சல் குளத்துல பிள்ளைங்க கத்திட்டு இருக்கும். வேற வழியே இல்லன்னா மட்டும்.

## எங்க வெச்சாலும் பாத்துக்க வேண்டியது

மார்கழின்னு ஆசைப்பட்டு டிசம்பர்ல வைக்காதீங்க. சென்னையில அப்ப சீசன், நல்ல கலைஞர் யாரும் நகர மாட்டாங்க, இங்க உச்சி கோடை, ஸ்கூல் லீவு, ஜோபர்க் பாதி டர்பன் பீச்சுல இருக்கும். டர்பனுக்கு மே, ஜூன், ஜூலை நல்ல மாசம், ஈரம் குறைஞ்சு இருக்கும். பிப்ரவரி ஈரத்துல மிருதங்கத் தோல் தளர்ந்து ஸ்ருதி இறங்கிட்டே போகும், வாசிக்கறவர் பாட்டுக்குப் பாட்டு கல்லும் கட்டையுமா தட்டிட்டே இருப்பார். ஜோபர்க் இதுக்கு நேர் எதிர், கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேல, குளிர்காலத்துல காத்துல சொட்டு ஈரம் இருக்காது, தோல் இறுகி ஸ்ருதி ஏறும், பாடறவங்க தொண்டை காஞ்சு போகும், வீணைக் குடத்துல விரிசல் வரும். ஹீட்டர் பக்கத்துல வாத்தியத்தை வைக்காதீங்க, ரூம்ல ஒரு பாத்திரத்துல தண்ணி வைங்க, ஒரு நாள் முன்னாடியே வந்து ஊர்க் காத்துக்குப் பழகட்டும்.

மிருதங்கத்தோட இடது பக்கத் தோல், தொப்பின்னு சொல்வாங்க, அதுல ஒட்ட மிருதங்கக்காரர் கொஞ்சம் ரவை கேப்பார், வீட்ல இல்லன்னா கடையில சோஜிக்குப் போடறதுன்னு சொல்லி வாங்குங்க, ரவைன்னா இங்க பல பேருக்குப் புரியாது.

இந்தியாவுலேருந்து வர்றவங்களுக்கு காசு குடுத்து வாசிக்க வைக்கறீங்கன்னா அதுக்கு அனுமதி இருக்கற விசாவா எடுங்க. சும்மா சுத்திப் பாக்கற விசாவுல வரவெச்சு மேடை ஏத்தினா கடைசியில மாட்டிக்கறது அவங்கதான்.

## மூணு பேருக்கும் என் பதில்

மிட்ராண்ட் தம்பிக்கு: வீட்லயே வைங்க, யோசிக்கவே வேண்டாம். வீணை, 25 பேர், மைக் இல்ல. மைக்குப் போற காசை சித்தி பொண்ணுக்கும் கூட வாசிக்கறவருக்கும் குடுங்க. கேட்ல நிக்கறதுக்கு உங்க மச்சானைப் பிடிங்க. அவ அவ்வளவு தூரம் துபாய் வழியா வீணையைத் தூக்கிட்டு வர்றதால ஜோபர்க் பக்கத்து லெனேசியாவுல ஏதாவது கோயில்ல மறுநாள் ஒரு மணி நேரம் வாசிக்க முடியுமான்னும் கேட்டுப் பாருங்க, டிக்கெட் செலவு ஒண்ணுதானே.

உம்லாங்கா பொண்ணுக்கு: நவராத்திரி கொலுவுல ஆளுங்க வந்துட்டும் போயிட்டும்தான் இருப்பாங்க, சுண்டல் குடுக்கணும், குங்குமம் குடுக்கணும், அதனால அன்னிக்கு 2 மணி நேரக் கச்சேரி வேண்டாம், 45 நிமிஷம் போதும். மாமியார் பக்கத்து ஆளுங்களுக்கு மெசேஜ் போடாதீங்க, நீங்களே சாட்ஸ்வொர்த் போய் வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடுங்க, வயசானவங்களைக் கூட்டிட்டு வர உங்க வீட்டுக்காரர் ஒரு வண்டி அனுப்பட்டும், கேட்ல அவங்க நிக்க வேண்டாம். அதோட அவங்கள்ல ஒருத்தரையாவது பாடச் சொல்லுங்க. கேக்க மட்டும் கூப்பிட்டா விருந்தாளி, பாடச் சொன்னா வீட்டு மனுஷங்க.

பீனிக்ஸ் அண்ணனுக்கு: உங்க மண்டபம் தாராளமா போதும்ணே, டவுன் ஹால் வேண்டாம். ஞாயித்துக்கிழமை 3 மணி, எக்கோ சைபர், பேச்சு முதல்ல. சிமெண்டுத் தரைக்கு முன் பக்கம் மட்டுமாவது கம்பளம் விரிச்சா சத்தம் நல்லா அடங்கும். எங்கிட்ட பெருசா நாலு இருக்கு, சனிக்கிழமை காலையில பக்கி (பின்னாடி சாமான் ஏத்தற வண்டி) எடுத்துட்டு ரிசர்வாயர் ஹில்ஸ் வந்தீங்கன்னா ஏத்தி விட்டுடறேன், அடுத்த கச்சேரிக்கு முன்னாடி திருப்பிக் குடுத்தா போதும்.